‘நரம்பியல் நிபுணரை அணுகவும்’ என்னும் அறிவுரை

பக்கவாதம் பற்றிய கட்டுரைகளும் சுவரொட்டிகளும் பெரும்பாலும் ஒரே வரியில் முடிகின்றன: ‘உடனே நரம்பியல் நிபுணரை அணுகவும்.’ சென்னைவாசிக்கு இது பொருந்தலாம். சங்கராபுரத்தில் இருப்பவருக்கு? கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரவேண்டியவருக்கு? நம் நாட்டில் நரம்பியல் மருத்துவர்கள் சில ஆயிரம் பேரே. அவர்களிலும் பெரும்பாலோர் பெருநகரங்களில் இருக்கின்றனர். ஆகவே அறிவுரையைப் படித்தவர், எந்த டாக்டர் கைராசிக்காரர் என்று உறவினரிடம் விசாரிக்கத் தொடங்குகிறார். அதற்குள் பொழுது போய்விடுகிறது.

சொல்லிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. ஊசி போடச் செவிலியர் தேடுவதும் நமக்கு ‘நரம்பு’. காலில் புடைத்து நிற்பதும் ‘நரம்பு’. கழுத்துப் பிடித்துக்கொண்டாலும் ‘நரம்பு இழுத்துவிட்டது’. எனவே நரம்பு டாக்டர் என்றதும் கோளாறு கைகாலில்தான் என்று தோன்றிவிடுகிறது. எண்ணெய் தேய்த்து நீவுவதும் புறா இரத்தம் பூசுவதும் அந்த எண்ணத்தின் நீட்சியே. கோளாறோ மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில்! மாரடைப்பு என்றால் ஊரே ஓடுகிறது; வாதம் என்றால் ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்கிறது.

அப்படியானால் ‘மூளையடைப்பு’ எனலாமே என்பர் சிலர். நல்ல சொல்தான், ஆனால் முழு உண்மை அன்று. பெரும்பாலோருக்குக் குழாய் அடைபடுகிறது. சிலருக்கோ வெடித்து இரத்தம் கசிகிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே: வாய் கோணும், ஒரு கை தாழும், பேச்சுக் குழறும். இவற்றைப் பிரித்தறிய சி.டி. ஸ்கேன் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயன் தரும் என்பதை 1995 இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008 இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணியாக நீட்டியது. கசிவுள்ளவருக்கு அதே மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேனுக்கு முன் வீட்டில் மாத்திரை எதுவும் தரக்கூடாது என்பதும் இதனால்தான். நேரக் கணக்கு நோயாளி கடைசியாக நலமாக இருந்த நிமிடத்திலிருந்து தொடங்குகிறது. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் மூளைச் செல்கள் மடிகின்றன என்று 2006 இல் ஒரு மருத்துவர் கணக்கிட்டார். நாலரை மணி கடந்தாலும் போகத்தான் வேண்டும். பெரிய குழாய் அடைபட்ட சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இரத்தக் கட்டியைக் குழாய் வழியே இழுத்தெடுக்க இயலும்.

நரம்பியல் நிபுணர் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. காரணத்தைக் கண்டறியவும், மறுமுறை வராமல் காக்கவும் அவர் வேண்டும். ஆனால் முதல் ஊசிக்கு அவர் நேரில் நிற்கவேண்டுமா? இமாச்சலப் பிரதேசத்து மலை மாவட்டங்களில், 2014 இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், மாவட்ட மருத்துவமனைகளின் பொது மருத்துவர்களே, தொலைவிலிருந்த நிபுணரிடம் தொலைபேசியில் கலந்துகொண்டு அந்த மருந்தைச் செலுத்தினர். நம் கல்வராயனும் மலைதானே.

சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 2022 இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி அதன் அருகே சிறுவங்கூரில் இருக்கிறது. 108 ஊர்தி தமிழகத்தில் 2008 முதல் ஓடுகிறது. தூரம் தடையன்று. குடும்பத்தார் கேட்டு வைத்திருக்கவேண்டியது டாக்டரின் பெயரையன்று: இரவிலும் ஸ்கேன் எடுப்பார்களா, கட்டி கரைக்கும் மருந்து கையிருப்பில் உண்டா, அதைக் கொடுப்பவர் பணியில் இருப்பாரா? இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால், அவர் நலமாக நடமாடும்போதே இவற்றை விசாரித்துவிடலாம்.

சுவரொட்டி அச்சிடுவோர் அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, நள்ளிரவு 2 மணிக்கும் ஸ்கேன் எடுக்கும் பக்கத்து மருத்துவமனையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அங்கே போடட்டும்.