நிழலும் வரைபடமும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் கான்டூரிங் பயிற்சி குறித்து

முகத்தில் எந்த இடம் உள்வாங்கித் தெரிய வேண்டுமோ அங்கே தோலின் நிறத்தைவிட ஓரிரு படி ஆழ்ந்த பூச்சையும், எந்த இடம் எடுப்பாகத் தெரிய வேண்டுமோ அங்கே சற்று வெளிர்ந்த பூச்சையும் இட்டு, இரண்டின் விளிம்புகளும் கண்ணுக்குப் புலப்படாதவாறு தேய்த்துக் கலந்துவிடும் முறையையே ஒப்பனைத் தொழிலில் கான்டூரிங் என்கின்றனர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் சுற்றுவட்டாரத்திலும் மணப்பெண் அலங்காரம் கற்க வரும் பெண்களுக்கு இன்று இது தவிர்க்க முடியாத பாடமாகிவிட்டது. புருவம் எடுப்பது, புடவை கட்டிவிடுவது, சிகை அலங்காரம் ஆகியவற்றோடு இதையும் அறிந்தவருக்கே திருமணப் பருவத்தில் வேலை கிடைக்கிறது என்னும் நிலையில், அப்பாடம் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பது சிறிய செய்தியன்று. மாணவி நிழலைக் கற்றுக்கொள்கிறாளா, நிழலின் வரைபடத்தை மட்டும் கற்றுக்கொள்கிறாளா என்பதே இங்கு எழுப்ப வேண்டிய கேள்வி.

இம்முறை மேடையிலும் திரைப்படத்திலும் வளர்ந்தது. அரங்கின் வலிய விளக்கொளி முகத்தின் மேடுபள்ளங்களை அழித்துவிடுவதால், தொலைவில் அமர்ந்திருப்பவருக்கும் கன்னமும் தாடையும் தெரியும்படி நடிகர்கள் நிழலைத் தாமே தீட்டிக்கொண்டனர். தொடக்ககாலப் படச்சுருள் சிவப்பை உணரும் ஆற்றல் இல்லாததாக இருந்தமையால் சிவந்த கன்னமும் உதடும் திரையில் கறுத்துத் தெரிந்தன. அக்குறையைச் சமாளிக்கவே திரைப்படத்துக்கெனத் தனி ஒப்பனைப் பொருள்கள் தேவைப்பட்டன. மாக்ஸ் ஃபேக்டர் 1914இல் திரை நடிகர்களுக்கென மெல்லிய களிம்புப் பூச்சை உருவாக்கினார். அவருடைய நிறுவனம் 1930களின் இறுதியில் வெளியிட்ட பேன்கேக் என்னும் ஒப்பனைப் பூச்சு, சென்னை ஜெமினி ஸ்டுடியோவுக்கு லாரி லாரியாக வந்திறங்கியதை அங்குப் பணியாற்றிய எழுத்தாளர் அசோகமித்திரன் பதிவுசெய்திருக்கிறார். பின்னர் கெவின் ஆக்வான் 1997இல் வெளியிட்ட ‘மேக்கிங் ஃபேசஸ்’ என்னும் நூல் இந்நுட்பத்தைப் பொதுவாசகரிடம் சேர்த்தது. 2012இல் கிம் கர்தாஷியன், ஒப்பனைக் கலைஞர் மாரியோ டெடிவனோவிச் தம் முகத்தில் இட்ட கோடுகள் கலக்கப்படாத நிலையிலேயே எடுத்த படத்தை வெளியிட்டதும் அது உலகெங்கும் பரவியது.

மேடையிலும் படப்பிடிப்புத் தளத்திலும் ஒளி எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வலிமையோடு வரும் என்பது ஒப்பனையாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. நிழல் அந்த ஒளிக்கேற்பத் தீட்டப்பட்டது. 2012க்குப் பின் ஊரெங்கும் சென்று சேர்ந்ததோ கோடுகள் மட்டுமே. அவற்றுக்குக் காரணமாயிருந்த ஒளியமைப்பு உடன் வரவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் பயிற்சிகளில் காணப்படும் நிறைகுறைகளுள் பெரும்பாலானவற்றை இந்த ஒரு பிளவிலிருந்தே விளக்கிவிடலாம்.

முதலில் நிறையைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது பெரிது. கான்டூரிங்கை முறையாகக் கற்பவர் முகத்தை ஓவியரின் கண்ணோடு பார்க்கப் பழகுகிறார். கன்ன எலும்பு எங்கே தொடங்கிக் காதுமடலுக்கு எவ்வளவு அருகில் முடிகிறது, தாடையின் கோணம் கூர்மையானதா மழுங்கியதா, கண்குழி ஆழமானதா என்பவற்றை விரல்நுனியால் தொட்டறிந்து, பிறகே தூரிகையை எடுக்கிறார். நாட்டியம் கற்றவர்களிடம் இப்பழக்கம் முன்பே உண்டு. பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலை நிறுவனங்களின் வழியாகப் பரதநாட்டிய மேடையை அறிந்த தலைமுறைக்கு, நாட்டிய சாத்திரம் ஆஹார்யம் எனக் கூறும் அபிநய வகை, அதாவது உடை, அணி, முகப்பூச்சு ஆகியவற்றால் பொருளை உணர்த்துதல், புதிய கருத்தன்று. இத்தகைய கண் வாய்த்தவருக்குத் தொழில் வழியும் திறக்கிறது. மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழ் அழகுக்கலையையும் உள்ளடக்கியிருப்பதால், பள்ளிக் கல்வியை இடையில் நிறுத்திய பெண்ணும் கைத்திறனால் சான்று பெற முடிகிறது. குறைந்த முதலீட்டில் வீட்டிலிருந்தே நடத்தக்கூடிய தொழில் என்பதால், சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கு இது கொடுக்கும் பொருளாதாரத் தன்னுரிமையை எந்தத் திறனாய்வும் குறைத்து மதிப்பிடலாகாது.

குறை வரைபடத்தில் தொடங்குகிறது. நெற்றியோரத்தில் தொடங்கிக் கன்ன எலும்பின் கீழ் உள்நோக்கி வளைந்து, மீண்டும் வெளியே வந்து தாடையோரத்தில் முடியும் ‘3’ வடிவக் கோடே பல குறுகியகாலப் பயிற்சிகளில் எல்லா முகத்துக்கும் விதியாகக் கற்பிக்கப்படுகிறது. அகன்ற முகத்தை ஒடுக்கிக் காட்டவே அவ்வளைவு பயன்படும். ஏற்கெனவே ஒடுங்கிய முகத்தில் அதை இட்டால் கன்னம் ஒட்டி நோயுற்றது போன்ற தோற்றமே கிட்டும். தமிழ் மணப்பெண்ணின் அணிகலன்களையும் இவ்வரைபடம் கணக்கில் கொள்வதில்லை. நடு வகிட்டில் நெற்றிச்சுட்டி இறங்கி, இருபுறமும் சூரியப்பிறையும் சந்திரப்பிறையும் அமர்ந்து, காதில் ஜிமிக்கியும் மாட்டலும் கன்னத்தின் ஓரத்தைத் தொடும்போது, முகத்தின் எல்லையை அந்த நகைகளே வரைந்துவிடுகின்றன. அவற்றின் அடியில் நெற்றியோரத்தைக் கறுக்க வைப்பது வீண்வேலை என்பதோடு, வியர்வையில் கரைந்து பொன்னின் விளிம்பில் படிந்து அழுக்காகவும் தெரிகிறது.

நிறத்தைப் பற்றிய குறை இதைவிட ஆழமானது. விற்பனையிலுள்ள கான்டூர் தட்டுகளில் பல, வெளிர்ந்த தோலை மனத்தில் கொண்டு சாம்பல் கலந்த பழுப்பில் செய்யப்பட்டவை. அத்தகைய பூச்சுகளில் வெண்மைக்காகச் சேர்க்கப்படும் டைட்டானியம் டை ஆக்சைடு மாநிறத் தோலின் மேல் சாம்பல் பூத்தாற்போல் தெரியும்; நிழலாக வேண்டியது கறையாகிவிடும். மாநிறத்திலும் கருநிறத்திலும் விழும் உண்மையான நிழல் சாம்பல் நிறம் கொள்வதில்லை. தோலின் அடியோட்டமாகிய பொன்னிறமோ செம்மையோ பச்சைச் சாயலோ இன்னும் அடர்ந்து தோன்றுவதே அங்கு நிழல். ஆதலால் செந்தவிட்டுச் சாயல் கொண்ட ஆழ்ந்த பழுப்பே பல தமிழ் முகங்களுக்குப் பொருந்தும். நிறம் மிக ஆழ்ந்த முகத்தில் வேலைமுறையே மாற வேண்டும். அத்தகைய தோலில் முகத்தின் வடிவத்தை நிழலைவிட மினுக்கமே மிகுதியாகக் காட்டுகிறது என்பதால், மேலும் கறுக்க வைப்பதைக் கைவிட்டு, கன்ன மேட்டில் தேன்நிற அல்லது செம்பு நிற மினுக்கத்தைச் சிறிதளவு வைத்தாலே முகம் துலங்கும். ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 2017இல் அடிப்பூச்சை 40 நிறங்களில் வெளியிட்டபோது அது செய்தியாயிற்று என்பதே, அதற்கு முன் ஆழ்ந்த நிறமுடைய வாடிக்கையாளர் எவ்வளவு புறக்கணிக்கப்பட்டிருந்தனர் என்பதற்குச் சான்று.

இப்புறக்கணிப்புக்குப் பொருள்களின் பற்றாக்குறை மட்டும் காரணமன்று. அதே 2017இல் மலேசிய வாட்சன்ஸ் நிறுவனம் நோன்புப் பெருநாளுக்காக வெளியிட்ட விளம்பரப் படத்தில், முகத்தில் கறுப்புப் பூசிய ஒரு பெண் அது கழுவப்பட்டு வெளுத்த பின்னரே அழகியாகக் காட்டப்பட்டாள். கண்டனம் எழுந்த பின் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் படத்தை மீட்டுக்கொண்டது. வெளுப்பே அழகு என்னும் அந்த எண்ணம் ஒப்பனை நாற்காலிவரை வருகிறது. மணப்பெண்ணின் முகத்தைக் கழுத்தைவிட இரண்டு படி வெளுத்துக் காட்டுமாறு குடும்பத்தார் கேட்பதும், பயிற்சி பெற்றவர் அதற்கு இசைவதும் வழக்கமாக உள்ளன. அவ்வாறு வெளுத்த அடிப்பூச்சின் மேல் எந்த நிழலை இட்டாலும் அது ஒட்டாமல் தனித்து நிற்கும். பாதரசம் கலந்த வெளுப்பூட்டும் களிம்புகளைப் பற்றி நாட்டின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. நிறப்பொருத்தம் கற்பிக்கும் வகுப்பு அந்த எச்சரிக்கையையும் கற்பிக்கக் கடமைப்பட்டுள்ளது, ஏனெனில் திருமணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் அத்தகைய களிம்பைப் பூசி வரும் பெண்ணின் தோல் நிலையைக் கையால் தொட்டு அறிபவர் ஒப்பனைக் கலைஞரே.

ஒளியைப் பற்றிய பாடம் பெரும்பாலும் நடத்தப்படுவதே இல்லை. வகுப்பறையில் வட்ட விளக்கின் முன் முகம் அலங்கரிக்கப்பட்டு, அங்கேயே கைபேசியில் படமெடுக்கப்பட்டு மதிப்பிடப்படுகிறது. நேர் எதிரிலிருந்து வரும் அவ்வொளி நிழல்களை அழித்துவிடுவதால் மிகையான பூச்சும் அளவாகவே தெரிகிறது. ஆனால் அதே மாணவி தொழிலுக்கு வரும்போது, காலை முகூர்த்தம் கோயில் மண்டபத்தில் பக்கவாட்டில் நுழையும் பகலொளியிலும், மாலை வரவேற்பு விடுதி மண்டபத்தின் மேடை விளக்குகளிலும் நடைபெறுகின்றன. காலையில் உறவினர் மிக அருகில் நின்று மஞ்சளரிசி தூவி வாழ்த்தும்போது கன்னத்துக் கோடு கோடாகவே தெரியும். மாலையில் அதே கோடு போதாமல் முகம் தட்டையாகும். எனவே ஒரே மணப்பெண்ணுக்கு ஒரே நாளில் இரண்டு நிழல் திட்டங்கள் தேவை. ஆண்டு முழுதும் புழுக்கம் நிறைந்த இப்பகுதியில், ஓம குண்டத்தின் அருகே அமர்பவருக்குக் களிம்புப் பூச்சைத் தடித்து இடாமல் மெல்லிய படலமாக இட்டு, மேலே தூள்பூச்சால் நிறுத்துவதே நிலைக்கும் என்பதும் இப்பாடத்தின் பகுதியாக வேண்டும்.

மூக்கைப் பற்றிய பாடம் தனித்து நோக்கத்தக்கது. கன்னத்துக்கு இடும் நிழல் முகத்தில் உள்ளதை எடுத்துக்காட்டுகிறது. மூக்கின் இருபுறமும் கோடிட்டு நடுவில் வெளிர்ந்த வரி இழுப்பதோ, உள்ள மூக்கை மறைத்து வேறொரு மூக்கைக் காட்டுகிறது. நாட்டிய மேடையில் தொலைவின் காரணமாக அதற்கு நியாயமுண்டு. திருமணத்தில் அந்த நியாயம் இல்லாதபோதும், கேளாமலேயே இடப்படும் வழக்கமாக அது மாறியிருப்பது, அகன்ற மூக்கு திருத்தப்பட வேண்டிய பிழை என்று பயிற்சியாளர் சொல்லாமலே மாணவிக்குக் கற்பித்துவிடுகிறது. தாயிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் வந்த மூக்கை அவர்கள் முன்னிலையிலேயே பிழையாக்குவதைத் தொழில்நுட்பம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கலை நோக்கிலும் அது தோற்கிறது, ஏனெனில் மூக்குத்தியின் கல் ஒளிரும் இடமும் நிழல் இடும் இடமும் அருகருகே அமைவதால், தீட்டிய இருளைக் கல்லின் ஒளி காட்டிக்கொடுத்துவிடுகிறது. மூக்குக்கான நிழலை மணப்பெண் அலங்காரப் பாடத்திலிருந்து எடுத்து மேடை ஒப்பனைப் பாடத்தில் சேர்ப்பதும், மணப்பெண் தானே கேட்டாலன்றி அதை இடலாகாது என்று மாணவிக்குச் சொல்லித் தருவதும் எந்தப் பயிற்சி நிலையமும் கூடுதல் செலவின்றி உடனே செய்யக்கூடிய திருத்தங்கள்.