எலும்புத் 'தேய்மானம்' என்னும் சொல்: தருமபுரி நிலமும் செவிலியர் கல்வியின் என்பியல் மொழியும்

ஆய்வுச்சுருக்கம்

எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றின் அமைப்பும் காயங்களும் நோய்களும் பற்றிய பாடம் செவிலியர் கல்லூரிகளில் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. அது பயன்பட வேண்டிய இடமோ தமிழ் பேசும் நோயாளியின் படுக்கையருகு. இவ்விரண்டுக்கும் இடையில் வழங்கும் தமிழ்ச் சொற்களை, குறிப்பாகத் 'தேய்மானம்' என்னும் சொல்லை, தருமபுரி மாவட்டத்தின் ஃபுளோரைடு நிலப் பின்னணியில் வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: என்பியல், செவிலியம், கலைச்சொல், எலும்பு ஃபுளோரோசிஸ், தேய்மானம், சாமுவேல் கிறீன், பாப்பிரெட்டிப்பட்டி

முன்னுரை

சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் வாணியாறு அணையின் பாசனம் எட்டும் நிலமும் உண்டு. ஆழ்துளைக் கிணற்றை மட்டுமே நம்பிய மேட்டு நிலமும் உண்டு. இத்தகைய ஊர்களின் அரசு மருத்துவமனைப் புறநோயாளர் பிரிவில் முதுகும் முழங்காலும் பிடித்துக்கொண்ட ஒருவர் தம் நோயைச் சொல்லும்போது பெரும்பாலும் வருவது, "எலும்பு தேஞ்சு போச்சுங்க" என்ற ஒரே தொடர்தான். தமிழகமெங்கும் வழங்கும் தொடர் இது. மருத்துவரும் இதைச் சொல்கிறார். செவிலியரும் இதையே திருப்பிச் சொல்கிறார். ஆனால் தருமபுரி மாவட்டத்தில் இத்தொடர் பொய்யாகிப் போகும் வாய்ப்பு பிற மாவட்டங்களைவிட மிகுதி. அங்குள்ள நோயாளிகள் சிலரிடம் எலும்பு தேய்ந்திருக்காது. அளவுக்கு மீறித் தடித்திருக்கும்.

கிறீன் வகுத்த வழி

உடற்கூற்றைத் தமிழில் கற்பிக்க முடியுமா என்ற வினா இன்று புதிதாக எழுந்ததன்று. அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, 1864 முதல் அதனைத் தமிழ் வழியில் நடத்தினார். 'இரணவைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. பின்னது கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவியது. கிரேயின் ஆங்கில மூலம் 1858இல்தான் முதன்முதலாக அச்சேறியது என்பதை நோக்கினால், பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது புலனாகும். தமிழில் சொல் இருப்பின் தமிழ், இல்லையேல் வடமொழி, அதுவும் இல்லையேல் ஆங்கிலத்தின் ஒலிபெயர்ப்பு என்பது அவருடைய கலைச்சொல்லாக்கத்தின் பொது நெறி.

கிறீனின் வடமொழிச் செறிவை இன்றைய வாசகர் குறையாகக் காணலாம். 'அங்காதிபாதம்' என்ற தலைப்பே இன்று விளக்கம் வேண்டி நிற்கிறது. ஆயினும் அவரிடம் ஒரு தெளிவு இருந்தது. தம் மாணவர் எங்கே பணிபுரியப் போகிறார் என்பதை அவர் அறிந்திருந்தார். ஊருக்குத் திரும்பி, ஊர்மொழியில் நோயைக் கேட்டு, அம்மொழியிலேயே மருந்து சொல்லப் போகிறவர் அம்மாணவர். அவருக்குப் பின்வந்த தமிழகக் கலைச்சொல் முயற்சிகள் சொல்லின் தூய்மையில் காட்டிய அக்கறையை, அச்சொல் யார் வாயில் யாருக்காக வழங்கப் போகிறது என்பதில் காட்டவில்லை. 'என்பு' என்பதை ஈழத்துப் பாடநூல்கள் தக்கவைத்துக்கொண்டன. தமிழகம் 'எலும்பு' என்றது. இவ்வேறுபாட்டால் எவருக்கும் இழப்பில்லை. இழப்பு நேர்வது வேறு சொற்களில்.

நரம்பும் நாரும்

பேச்சுத் தமிழில் 'நரம்பு' என்பது மூன்று உறுப்புகளுக்குப் பொதுப்பெயர். ஊசி போடக் கையில் தேடுவதும் நரம்பு. கெண்டைக்காலில் இழுத்துக்கொள்வதும் நரம்பு. மரத்துப்போன விரலுக்குக் காரணமாகச் சொல்லப்படுவதும் நரம்பு. முதலாவது சிரை, இரண்டாவது தசை அல்லது தசைநாண், மூன்றாவது மட்டுமே பாடநூல் கூறும் நரம்பு. 'தசைநார்' என்ற சொல்லின் நிலை இதைவிடச் சிக்கலானது. எலும்பை எலும்போடு பிணைக்கும் இழையைக் குறிக்கவும் அது வழங்குகிறது. 'தசைநார்த் தேய்வு' என்று தசையையே பற்றும் நோயைக் குறிக்கவும் வழங்குகிறது. நாணும் நாரும் வேறென்று தேர்வுக்கு மனப்பாடம் செய்த மாணவி, படுக்கையருகே "நரம்பு பிசகிடுச்சு" என்று கேட்கும்போது எதை எழுதிக்கொள்வார்? 'சுளுக்கு', 'பிசகு', 'பிடிப்பு' என்னும் வழக்குச் சொற்கள் ஓரளவு துல்லியமானவை. சுளுக்கு பெரும்பாலும் நார் கிழிதலையும், பிசகு மூட்டு இடம் பெயர்தலையும் சார்ந்தே வழங்குகின்றன. இவற்றைப் புறந்தள்ளாமல் பாடத்தின் வாயிலாக ஆக்கிக்கொண்டிருந்தால் மொழிபெயர்ப்பின் பாதிச் சுமை குறைந்திருக்கும்.

நல்ல கலைச்சொல்லுக்குச் சான்றும் உண்டு. குழந்தைகளின் எலும்பு முழுதும் ஒடியாமல் ஒருபுறம் பிளந்து மறுபுறம் வளைவதைப் 'பசுங்கொம்பு முறிவு' என்கின்றனர். கரும்பும் மரவள்ளியும் பயிரிடும் ஊரில் இச்சொல்லுக்கு உரை தேவையில்லை. அதற்கு மாறானது 'கீறல்'. எக்ஸ்ரே படத்தில் மயிரிழை முறிவைக் கண்டு "சின்னக் கீறல்தான்" என்று ஆறுதலாகச் சொல்லப்படுவது, எலும்பு முறியவில்லை என்றே வீட்டாரால் கொள்ளப்படுகிறது. மறுநாளே நோயாளி காலை ஊன்றி நடக்கிறார்.

ஒரு சொல்லுள் மூன்று நோய்கள்

'தேய்மானம்' என்பது இன்றைய வழக்கில் குறைந்தது மூன்று நோய்களை மூடி நிற்கிறது. முதலாவது, எலும்பின் நிறை குறைந்து உள்ளே புரையோடும் நோய். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது மிகுதி. இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவில் வெளிப்படும். இரண்டாவது, மூட்டின் குருத்தெலும்பு அழிந்து எலும்புமுனைகள் உரசும் மூட்டு நோய். 'தேய்மானம்' உண்மையில் பொருந்துவது இதற்குத்தான். மூன்றாவது, எலும்பு ஃபுளோரோசிஸ். 'எலும்புருக்கி' என்ற பழஞ்சொல் காசநோயைக் குறிப்பதாக இருந்தும், புரை நோய்க்கு அது பொருந்துமென்று எண்ணுவோரும் உளர் என்பதை இங்கு இடைக்குறிப்பாகச் சொல்லலாம்.

இவற்றுள் மூன்றாவதன் இயல்பு முதலாவதற்கு நேர் எதிரானது. குடிநீர் வழி உடலேறும் ஃபுளோரைடு எலும்பின் கனிமப் படிகத்தில் ஹைட்ராக்சில் அயனியின் இடத்தைப் பிடிக்கிறது. எலும்பாக்கச் செல்களைத் தூண்டுகிறது. எலும்பின் அடர்த்தி கூடுகிறது. முதுகெலும்பின் ஓரங்களில் முட்கள் வளர்கின்றன. நார்களிலும், முன்கையின் இரண்டு எலும்புகளுக்கிடையே உள்ள சவ்விலும் சுண்ணாம்பு படிகிறது. முற்றிய நிலையில் தண்டுவடம் நெருக்குண்டு கால்கள் வலுவிழக்கும். அடர்ந்த எலும்பு வலிய எலும்பு என்று கொள்வதும் பிழை. 1990இல் அமெரிக்காவில் ரிக்ஸ் குழுவினர், புரை நோயுற்ற பெண்களுக்கு நான்காண்டுகள் சோடியம் ஃபுளோரைடு கொடுத்து வெளியிட்ட ஆய்வில், இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு உயர்ந்தது. முதுகெலும்பு அல்லாத பிற எலும்புகளின் முறிவோ குறையாமல் மிகுந்தது.

ஆகவே, ஃபுளோரோசிஸ் உற்ற ஒருவரிடம் "எலும்பு தேய்ந்துவிட்டது, சுண்ணாம்புச்சத்து மாத்திரை சாப்பிடுங்கள்" என்று கூறி அனுப்புவதில் மாத்திரையால் பெருந்தீங்கில்லை. சுண்ணாம்புச்சத்துக் குறைவு இந்நோயை மோசமாக்கும் என்பதும் உண்மையே. 1973இல் ஹைதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனத்தைச் சார்ந்த கிருஷ்ணமாச்சாரி, கிருஷ்ணசாமி ஆகியோர் ஃபுளோரோசிஸ் பகுதியில் முழங்கால்கள் உட்புறமாக வளைந்த இளைஞர்களைப் பற்றி எழுதியபோது ஊட்டக்குறைவின் பங்கையும் சுட்டினர். தீங்கு நேர்வது சொல்லால். 'தேய்மானம்' என்ற சொல் காரணத்தை வயதின்மீது ஏற்றுகிறது. வயதுக்கு மருந்தில்லை என்று வீடு திரும்புகிறவர் அதே ஆழ்துளைக் கிணற்று நீரையே மீண்டும் குடிக்கிறார். பேரப்பிள்ளைகளும் அதையே குடிக்கின்றனர்.

பாடநூலின் நிலவரை

இந்நோய் தமிழருக்கு அயலானதன்று. இந்தியாவில் எலும்பு ஃபுளோரோசிஸை முதலில் விரிவாகப் பதிவு செய்தவர்கள் கிண்டி கிங் நிலையத்தைச் சார்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர். 1937இல் வெளிவந்த அவர்களது கட்டுரை, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தைப் பற்றியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கடினப்பாறை நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதை முன்னிட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃபுளோரோசிஸ் தணிப்பைத் தன் பெயரிலேயே ஏற்று, ஜப்பானியக் கடனுதவியுடன் அமைக்கப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவையும், வேறு நீர் கிடைக்காதபோது 1.5 மில்லிகிராம் வரையும் ஏற்கிறது.

ஆனால் இந்தியச் செவிலியர் கல்லூரிகளில் பரவலாகப் பயன்படும் ப்ரன்னர் – சுதார்த் நூலின் எலும்பு வளர்சிதை நோய்ப் பகுதியில் நிற்கும் தலைப்புகள் எலும்புப் புரை நோய், எலும்பு மென்மை நோய், பேஜட் நோய் ஆகியன. அமெரிக்க மாணவருக்கு இவ்வரிசை பொருத்தமானது. பேஜட் நோய் ஐரோப்பிய மரபினரிடம் மிகுதி, இந்தியாவில் அரிது. தருமபுரியில் பயிலும் மாணவி, தம் பணிக்காலத்தில் ஒருமுறையேனும் காண்பாரா என்று ஐயுறத்தக்க அந்நோயின் படங்களை வரைந்து பழகுகிறார். தம் ஊரிலேயே உள்ள நோயைச் சமுதாய நலப் பாடத்தில், குடிநீர் என்ற தலைப்பின்கீழ், பல்லில் கறை உண்டாக்கும் ஒன்றாகக் கடந்துவிடுகிறார். பல்லுக்கும் முதுகுக்கும் உள்ள தொடர்பு இங்கு அறுபடுகிறது. பல்லின் கறை குழந்தைப் பருவத்தில், பல் உருவாகும் காலத்தில் மட்டுமே ஏற்படும். ஆதலால் நாற்பது வயது நோயாளியின் பல்லில் தெரியும் மஞ்சள், பழுப்புக் கோடுகள் அவர் சிறுவயதில் குடித்த நீரின் பதிவு. முதுகுவலிக்காரரிடம் "வாயைத் திறங்க" என்று கேட்கும் செவிலியரை எந்த என்பியல் பாடமும் உருவாக்குவதில்லை. நூலைக் குறை கூறுவதைவிட, அதனை நிலத்திற்கேற்ப விரித்துக் கற்பிக்காத ஆசிரிய மரபைக் குறை கூறுவதே நேர்மையாகும்.

கட்டும் கண்காணிப்பும்

காயங்களைப் பொறுத்தவரை தமிழ் வழக்கு வளமானது. 'மாவுக்கட்டு' என்ற சொல் எந்தக் கலைச்சொல் குழுவும் ஆக்கித் தராமல் மக்களே ஆக்கிக்கொண்டது. மூங்கில் தப்பை வைத்துக் கட்டும் நாட்டுக் கட்டும், 'புத்தூர்க் கட்டு' என்று பெயர்பெற்ற முறையும் இன்றும் நாடப்படுகின்றன. அவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளுவது பாடநூல்களின் வழக்கமாகிவிட்டது. அதனால் இழக்கப்படுவது கண்காணிப்பு. இறுகக் கட்டிய கட்டு எவர் கட்டியதாயினும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். சில மணி நேரத்தில் தசை இறக்கும். கை நிரந்தரமாக மடங்கிப்போகும். தாங்கவொண்ணா வலி, வெளிறல், மரத்துப்போதல், விரல் அசையாமை, நாடி இன்மை ஆகிய குறிகளை ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் ஐந்து சொற்களாக மாணவி அறிவார். அவற்றுள் நாடி இன்மை மிகப் பிந்தித் தோன்றுவது. அதற்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். வீட்டிற்கு அனுப்பும்போது "விரல் நுனி கருத்தாலோ, மரத்துப் போனாலோ, வலி மாத்திரைக்கும் அடங்காவிட்டாலோ ராத்திரியானாலும் உடனே வாங்க" என்று சொல்லப் பாடத்தில் இடமில்லை. கட்டுக்காரரிடம் போயிருந்தாலும் மறைக்காமல் வரலாம் என்று சேர்த்துச் சொல்லவும் இடமில்லை. பழித்துப் பேசப்பட்டவர் மறைத்துத்தான் வருவார்.

படுக்கையருகே மூன்று அசைவுகள்

ஃபுளோரோசிஸை ஐயுறுவதற்குக் கருவி வேண்டியதில்லை. முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொடுதல், தாடையால் மார்பைத் தொடுதல், கைகளைப் பக்கவாட்டில் நீட்டி மடக்கிப் பின்தலையைத் தொடுதல் ஆகிய மூன்று அசைவுகளும் கள ஆய்வுகளில் நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. இவை நோயை உறுதிசெய்வன அல்ல. சிறுநீரின் ஃபுளோரைடு அளவுக்கும் முன்கையின் எக்ஸ்ரே படத்திற்கும் யாரை அனுப்ப வேண்டும் என்று காட்டுவன. இவற்றைச் செய்விக்கத் தேவைப்படும் மொழி மிகச் சிறிது: "முட்டி மடக்காம குனிஞ்சு தரையைத் தொடுங்க." அதற்கு அடுத்து கேட்க வேண்டிய கேள்வி, எங்கே வலிக்கிறது என்பதன்று, சிறு வயதிலிருந்து எந்தத் தண்ணீர் குடித்தீர்கள், இப்போது ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா என்பது. "நாங்க காய்ச்சித்தாங்க குடிக்கிறோம்" என்ற விடை வருமானால், காய்ச்சுவதால் ஃபுளோரைடு நீங்குவதில்லை, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்கிறது என்பதை அந்த இடத்திலேயே சொல்ல வேண்டியவரும் செவிலியரே.