வெம்பிளியில் ஒன்பதாம் எண்

1953 நவம்பர் 25 அன்று வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி போட்ட மூன்றாவது கோலை இதுவரை பார்க்காத கால்பந்து ரசிகர்கள் மேல் எனக்குப் பொறாமை உண்டு. முதல் தடவை பார்க்கும் சுகம் அவர்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

கறுப்பு வெள்ளைப் படம். காட்சி மங்கல்தான். வலது ஓரத்திலிருந்து பந்து உள்ளே வருகிறது. கோலுக்குச் சில கஜ தூரத்தில் குள்ளமாய், இடுப்பில் லேசாகச் சதை போட்ட ஒருவர் அதை வாங்குகிறார். அவர் ஃபெரென்ட்ஸ் புஷ்காஷ். இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட் பாய்ந்து சறுக்கி வருகிறார். புஷ்காஷ் இடது பாதத்தின் அடியால் பந்தைத் தன் பக்கம் ஒரே இழுப்பாக இழுக்கிறார். பந்து இருந்த இடத்துக்கு ரைட் சரியாகப் போய்ச் சேருகிறார். பந்துதான் அங்கே இல்லை. எழுந்திருக்க அவருக்கு நேரம் கிடைப்பதற்குள் அதே இடது கால் அடித்த அடி, கோல்கீப்பர் மெரிக்குக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் நடுவே புகுந்துவிடுகிறது.

அந்த இழுப்பைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய நொடி. வலது ஓரத்திலிருந்து பந்தை அனுப்பியவர் ஸோல்தான் சிபோர். அவர் இடது விங்கர். மைதானத்தின் அந்தக் கோடியில் அவருக்கு என்ன வேலை? அன்றைய இங்கிலாந்து தடுப்பாட்டக்காரர்கள் எவருக்கும் இந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. ஹங்கேரியின் கலை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் சட்டை எண் என்பது வீட்டு முகவரி மாதிரி நிலையானது. ஒன்பது என்றால் சென்டர் ஃபார்வர்ட், எதிரணி கோல் முன்னால் நிற்பார். ஐந்து என்றால் சென்டர் ஹாஃப், அந்த ஒன்பதை நிழலாகத் தொடர்வார். அன்று ஐந்தாம் எண் ஹாரி ஜான்ஸ்டன். ஹங்கேரியின் ஒன்பதாம் எண் நாந்தோர் ஹிதெக்குட்டி. ஆனால் ஹிதெக்குட்டி முன்னால் வரவே இல்லை. நடுக்களத்தில் பின்தங்கி நின்றுகொண்டார். அவரைத் தேடி ஜான்ஸ்டன் முன்னேறினால், விட்டுவந்த வெற்றிடத்தில் எட்டாம் எண் கோச்சிஷும் பத்தாம் எண் புஷ்காஷும் நுழைவார்கள். போகாமல் நின்றால், ஹிதெக்குட்டி ஆளில்லாத இடத்தில் பந்தை வாங்கி, திரும்பி, யோசித்து, அடிப்பார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் அப்படித்தான் முதல் கோல் விழுந்தது. கடைசியில் அவர் கணக்கில் மூன்று. ஆட்டம் 6–3. ஐரோப்பியப் பெருநிலத்து அணி எதுவும் அதுவரை இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றதில்லை. (1949-ல் அயர்லாந்து வென்றிருந்தது. அதைக் கணக்கில் சேர்க்க ஆங்கிலேயர்களுக்கு மனம் வருவதில்லை.) ஆறு மாதம் கழித்துப் பழிதீர்க்க புடாபெஸ்ட் போன இங்கிலாந்து 7–1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பியது.

ஹங்கேரி நடுக்களத்தின் யோஷெஃப் போஜிக்கையும் சொல்லியாக வேண்டும். ஓட்டம் என்று பார்த்தால் மெதுவான ஆள். ஆனால் பெரிய கல்யாணத்தில் பந்தி விசாரிக்கும் அனுபவசாலிக்கு எந்த இலையில் என்ன குறைகிறது என்று தெரிவதுபோல, பந்து அடுத்து யாருக்குத் தேவை என்பது அவருக்கு நிமிராமலே தெரியும். புஷ்காஷும் அவரும் கிஷ்பெஷ்ட் புறநகரில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்த பையன்கள். கோல்கீப்பர் குரோசிச் பெட்டியை விட்டு வெளியே ஓடிவந்து காலால் பந்தை விலக்குவார். இன்று எல்லா கோல்கீப்பரும் செய்கிற காரியம், அன்று கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. கோச்சிஷின் தலையைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம்.

இந்த ஆட்டத்துக்கு ஒரு அரசாங்கம் உரிமை கொண்டாடியது. பயிற்சியாளர் குஸ்தாவ் ஷெபெஷ் விளையாட்டுத் துறையின் துணை அமைச்சரும்கூட. இளமையில் பாரிஸில் ரெனோ கார் தொழிற்சாலையில் தொழிற்சங்க வேலை பார்த்தவர். எல்லோரும் தாக்குவது, எல்லோரும் காப்பது என்பதை அவர் சோஷலிசக் கால்பந்து என்று விளக்கினார். மனிதர் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. வெம்பிளிக்கு முன்பே ஆங்கிலேயர்களின் கனத்த பந்துகளை வரவழைத்து, அதே அளவு மைதானத்தில் தன் ஆட்களைப் பழக்கினார். லண்டன் போகும் வழியில் பாரிஸில் இறங்கி, பழைய ரெனோ தோழர்களின் அணியோடு ஒரு ஆட்டமும் ஆடவைத்தார்.

ஆனால் சரக்கு அவருடையது மட்டுமல்ல. சென்டர் ஃபார்வர்டைப் பின்னுக்கு இழுக்கும் யோசனை எம்டிகே கிளப்பின் பயிற்சியாளர் மார்தோன் புகோவியிடம் உருவானது. அந்த எம்டிகேயில் குறும்பாஸ் ஆட்டத்தை முதல் உலகப் போர்க் காலத்திலேயே விதைத்தவர் ஜிம்மி ஹோகன் என்ற ஆங்கிலேயர். சொந்த நாடு அவரைப் பெரிதாக மதித்ததில்லை. வெம்பிளி வெற்றிக்குப் பிறகு ஹங்கேரிக் கால்பந்துச் சங்கத் தலைவரே, எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஹோகன்தான் என்று சொன்னார். அன்று இங்கிலாந்து தன் பாடத்தைத் தானே கேட்டுத் தோற்றது. இதில் சோஷலிசம் எங்கே வருகிறது?

வருகிறது, வேறு வழியாக. என்னைப் போன்ற ரசிகர்கள் தர்மசங்கடத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் இது. 1949-ன் முடிவில் கிஷ்பெஷ்ட் கிளப்பை ராணுவம் எடுத்துக்கொண்டு ஹொன்வேத் என்று பெயர் மாற்றியது. கட்டாய ராணுவ சேவை என்ற சாக்கில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களை அங்கே இழுத்தார்கள். ஆட்சியாளர்களுக்குப் பிடிக்காத ஃபெரென்ட்ஸ்வாரோஷ் கிளப்பில் ஆடியிருந்த கோச்சிஷும் சிபோரும் அப்படி வந்தவர்கள்தான். புஷ்காஷ் ஒரு போர்க்களத்தையும் காணாமல் மேஜர் ஆனார். ஹிதெக்குட்டியின் எம்டிகே ரகசியப் போலீஸின் கைக்குப் போனது. தேசிய அணியில் பாதிப்பேர் ஒரே கிளப்பில் வாராவாரம் சேர்ந்து ஆடினார்கள். சிபோர் வலது பக்கம் போனால் இடது பக்கத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதை அவர்கள் பேசி முடிவு செய்யத் தேவையில்லாமல் போனதற்கு இதுவும் காரணம். சர்வாதிகாரம் செய்த உதவி என்று சொல்லக் கூசுகிறது. இருந்தாலும் உண்மை அதுதான்.

அதன் விலையையும் சொல்லிவிடுகிறேன். ஹங்கேரிக்காக ஆடிய ஷாந்தோர் சூச் என்ற தடுப்பாட்டக்காரர் நாட்டைவிட்டுத் தப்ப முயன்று பிடிபட்டார். 1951-ல் அவரைத் தூக்கில் போட்டார்கள். மற்றவர்களுக்கு அது பாடம். வெற்றி பெறும் வரை சலுகைகளும் இருந்தன. வெளிநாட்டு ஆட்டங்களுக்குப் போய் வரும்போது அவர்கள் பைகளில் வரும் சாமான்களைச் சுங்க அதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டார்கள்.

தோற்றால்? 1950 கோடையிலிருந்து நான்கு ஆண்டுகள் தோற்காத அணி, 1954 ஜூலை 4 அன்று பெர்ன் நகரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தோற்றது. எட்டு நிமிடத்தில் 2–0 முன்னிலை. பிறகு மழை, சேறு, கணுக்கால் காயத்தோடு ஆடிய புஷ்காஷ், மேற்கு ஜெர்மனியின் விடாப்பிடி. 84-வது நிமிடத்தில் ஹெல்முட் ரான் அடித்த கோலோடு 3–2. அதற்குப் பின் புஷ்காஷ் போட்ட கோலை ஆஃப்சைடு என்றார்கள். ஐந்தே வயதான மேற்கு ஜெர்மனி என்ற நாடு அன்றுதான் பிறந்தது என்று இன்றும் அங்கே எழுதுகிறார்கள். புடாபெஸ்டில் ஜனங்கள் தெருவில் இறங்கிக் கலகம் செய்தார்கள். அரசை எதிர்த்துக் கூச்சல் போட முடியாத ஊரில், ஒரு கால்பந்துத் தோல்வி கூச்சலிட அனுமதி கொடுத்தது. குரோசிச்சின் மீது தேசத்துரோக விசாரணை நடந்தது. பிறகு அவரைச் சுரங்க நகரமான தாதாபானியாவின் அணிக்கு அனுப்பிவைத்தார்கள்.

1956 செப்டம்பரில் மாஸ்கோவுக்கே போய் சோவியத் அணியை 1–0 என்று வென்றார்கள். ஒரு மாதத்தில் புடாபெஸ்டில் புரட்சி வெடித்தது. நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் நகருக்குள் நுழைந்தன. ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்துக்காக ஹொன்வேத் அப்போது நாட்டுக்கு வெளியே இருந்தது. பில்பாவோவில் 3–2 தோல்வி. ஊரில் ஆட முடியாததால் மறு ஆட்டம் டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில். கோல்கீப்பர் காயம்பட்டு வெளியேற, சிபோர் கோல்கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். 3–3, போட்டியிலிருந்து வெளியே.

இந்த இடத்தில் நம் நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அதே நவம்பரில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி முதல் சுற்றில் ஹங்கேரியோடு மோத வேண்டியிருந்தது. ஹங்கேரி விலகிக்கொள்ள, நமக்கு வாக்கோவர். அடுத்து நெவில் டிசோசாவின் மூன்று கோல்களில் ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்று, கடைசியில் நான்காம் இடம் பிடித்தோம். இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்று நாம் பெருமைப்படும் அந்த அரையிறுதிக்கு அப்படியும் ஒரு படி இருந்தது. அதே மாதம், சோவியத் படைகள் ஹங்கேரியை விட்டு வெளியேற வேண்டும், ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடக்க வேண்டும் என்ற ஐ.நா. தீர்மானத்தை இந்தியா எதிர்த்து வாக்களித்தது. அதற்கு ஐ.நா.வில் இந்தியாவின் சார்பில் பேசிய கிருஷ்ண மேனன் சொன்ன காரணங்கள் எதுவும் எனக்கு ஒப்பவில்லை.

பிரஸ்ஸல்ஸுக்குப் பிறகு ஹொன்வேத் ஆட்டக்காரர்கள் ஊர் திரும்பாமல் பிரேசில் சுற்றுப்பயணம் போனார்கள். கூடாது என்றது புடாபெஸ்ட். ஃபிஃபாவும் அதையே சொன்னது. போஜிக் திரும்பினார். புஷ்காஷ், கோச்சிஷ், சிபோர் திரும்பவில்லை. புஷ்காஷால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எங்கும் ஆட முடியாதபடி தடை விழுந்தது. விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று ஃபிஃபா பேசும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். 2022-ல் கத்தார் உலகக் கோப்பைக்கு முன்பு அணிகளுக்குக் கடிதம் போட்டு, கால்பந்தில் மட்டும் கவனம் வையுங்கள் என்றது அதே அமைப்பு. அதே ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யாவைப் போட்டிகளிலிருந்து விலக்கிவைத்ததும் அதுதான். போலந்து ஆட மறுத்த பிறகுதான் அந்த முடிவு வந்தது. ரஷ்யாவை விலக்கியது சரி என்பது என் கட்சி. ஆனால் டாங்கிகள் நுழைந்த 1956-ல் தண்டனை ஊர் திரும்பாத ஆட்டக்காரனுக்குத்தானே விழுந்தது? எந்த அரசு அப்போது பலமாக இருக்கிறதோ அதன் பேச்சுக்கு அரசியலின்மை என்று பெயர் வைத்துக்கொள்வது ஃபிஃபாவின் நெடுநாள் வழக்கம்.

31 வயதில், உடம்பு பெருத்து, தடை முடிந்து வந்த புஷ்காஷை ரியால் மாட்ரிட் எடுத்துக்கொண்டது. கம்யூனிச ராணுவத்தின் மேஜருக்கு ஃபிராங்கோவின் ஸ்பெயின் அடைக்கலம் கொடுத்தது. 1960 மே மாதம் கிளாஸ்கோவின் ஹாம்டன் பார்க்கில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி ஜெர்மனியின் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபுர்ட். 1954-ல் ஜெர்மானியர்கள் ஊக்கமருந்து எடுத்தார்கள் என்று புஷ்காஷ் முன்பு சொல்லியிருந்ததால், அவர் இருக்கும் அணியோடு ஆட ஜெர்மன் சங்கம் தடை போட்டிருந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் களமிறங்க முடிந்தது. இறங்கி நான்கு கோல் போட்டார். அணித்தோழர் டி ஸ்டெஃபானோ மூன்று. ஆட்டம் 7–3. மன்னிப்புக் கடிதத்துக்கு இதைவிட நல்ல பின்குறிப்பை நான் பார்த்ததில்லை.

கோச்சிஷும் சிபோரும் பார்சிலோனாவில் சேர்ந்தார்கள். 1960-க்கு மறு ஆண்டு அதே கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். மைதானம் எது? அதே பெர்ன், அதே வான்க்டார்ஃப் அரங்கம். இருவருமே ஆளுக்கொரு கோல் போட்டார்கள். பந்து கம்பத்தில் பட்டுப் பட்டுத் திரும்பியது. முடிவு அதே 3–2, தோல்வியும் அதே. வென்ற பென்ஃபிகாவின் பயிற்சியாளர் பேலா குட்மன். நாஜிகளின் யூத வேட்டையிலிருந்து உயிர் தப்பிய ஹங்கேரிக்காரர். 1957-ல் ஹொன்வேத்தின் பிரேசில் பயணத்தில் அணியை நடத்திச் சென்றவரும் அவர்தான். இப்படி ஒரு கதையை நாவலில் எழுதினால் பதிப்பாசிரியர் வெட்டிவிடுவார்.

புஷ்காஷ் 1981-ல்தான் முதன்முறையாகத் தாய்நாட்டுக்கு வர முடிந்தது. 2002-ல், அவர் உயிரோடு இருக்கும்போதே, தேசிய அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2006-ல் இறந்தபோது அரசு மரியாதையோடு புனித ஸ்தேவான் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். கம்யூனிஸ்டுகள் உரிமை கொண்டாடிய காலம் போய், தேசியவாதிகளின் முறை வந்தது. அப்போது பிரதமராக இருந்த விக்தோர் ஓர்பான் சிறுவனாக வாழ்ந்த ஃபெல்சூட் கிராமத்தில் 2014-ல் ஒரு மைதானம் எழும்பியது. கிராமத்து ஜனத்தொகையைவிட அதிகம் பேர் உட்காரலாம். அங்கே ஆடும் அணியின் பெயர் புஷ்காஷ் அகாடமி. மைதானத்தின் பெயர் பாஞ்சோ, புலம்பெயர்ந்த புஷ்காஷை ஸ்பானியர்கள் அழைத்த செல்லப்பெயர். புஷ்காஷுக்கும் அந்தக் கிராமத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

அரசுகளால் ஆட்களைக் கூட்ட முடிந்தது, கலைக்க முடிந்தது, மைதானங்களுக்குப் பெயர் வைக்க முடிந்தது. ஹிதெக்குட்டி நின்ற இடத்தை எந்த அமைச்சகமும் உத்தரவு போட்டு மறுபடி உண்டாக்கவில்லை. ஹங்கேரி கடைசியாக உலகக் கோப்பையில் ஆடியது 1986-ல். 2025 நவம்பரில், பழைய அரங்கத்தை இடித்துப் புதிதாகக் கட்டிய புஷ்காஷ் அரங்கத்தில், அயர்லாந்திடம் காயநேரக் கோலில் 3–2 என்று தோற்று 2026-க்கான வாய்ப்பையும் இழந்தது.