ஆலமரத்தடியில் யாருக்கு இடம்? தமிழ் விக்கிப்பீடியாவின் சமூகப் பண்பாடும் கம்பம் பள்ளத்தாக்கும்

2003-இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியா, கட்டுரைகளின் தொகுப்பு மட்டுமன்று. முன்பின் அறியாதோர் கூடி உழைக்கும் ஒரு சமூகமும் ஆகும். இ. மயூரநாதன் முதலிய முன்னோடிகள் உருவாக்கிய அச்சமூகத்தின் இயல்பை அதன் பெயர்களே காட்டுகின்றன. ஐயம் கேட்குமிடம் 'ஒத்தாசைப் பக்கம்'. பொது உரையாடலுக்குரிய இடம் 'ஆலமரத்தடி'. பின்னதன் ஆங்கிலப் பெயர் ஊர் அடிகுழாயைக் குறிப்பது. அதனை அவ்வாறே 'குழாயடி' எனப் பெயர்த்திருந்தால், தமிழருக்கு முதலில் சண்டையே நினைவுக்கு வந்திருக்கும்.

எனினும் ஆலமரத்தடியும் குறையற்ற உருவகம் அன்று. ஊர்க்கூட்டங்களில் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் சமமான பேச்சுரிமை இருந்ததில்லை. ஆகவே பெயரை ஏற்றவர்கள் வழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. இங்கு நிர்வாகி நாட்டாமை அல்லர்; நேற்று வந்த பயனரும் அவரிடம் சான்று கேட்கலாம். பட்டமும் வயதும் சான்றாகா.

இப்பண்பாடு வெளியாரிடமும் சோதனைக்குள்ளானது. கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு கட்டுரைகளைச் சேர்த்தபோது, எண்ணிக்கை பெருகியது. இயந்திரத்தனமான நடையும், பேச்சுப் பக்கத்தில் மறுமொழி கூறாத போக்கும் உடன் வந்தன. இவற்றை 2010 விக்கிமேனியா மாநாட்டில் அ. இரவிசங்கர் எடுத்துரைத்தார். பிழையைத் திருத்திவிடலாம், உரையாட மறுப்பவரோடு சமூகமாக இயங்குவது அரிது.

நடுநிலை விதியின் கடுமையை உணர முல்லைப்பெரியாறு பற்றிய ஒரு கட்டுரையைக் கருதினால் போதும். 1886-ஆம் ஆண்டின் 999 ஆண்டுக் குத்தகை, 1895-இல் நிறைவுற்ற அணை, 142 அடி வரை நீர் தேக்க இசைவளித்த 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றை எழுதுவது எளிது. ஆனால் பென்னிகுவிக்கின் படத்தை வீட்டில் வைத்துப் பொங்கலிடும் கம்பம் பள்ளத்தாக்கினர் ஒருவர், கேரளத்தின் பாதுகாப்பு அச்சத்தையும் அதே கட்டுரையில் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். 2011 இறுதியில் எல்லையில் மூண்ட கொந்தளிப்பை நினைவில் கொண்டோருக்கு இது சிறு கோரிக்கை அன்று. விதியை எழுதி வைப்பதால் மட்டும் இது கைகூடாது. மூத்த பயனர்கள் தமக்கு உவப்பற்ற தரப்பையும் சிதைக்காமல் எழுதிக் காட்டும்போதே புதியவர் அதனைக் கற்கிறார்.

ஆனால் பட்டத்தின் மேலாண்மையை நீக்கிய அதே சான்று விதி வேறொரு சாராரை வெளியே நிறுத்துகிறது. கம்பம், போடி வட்டாரங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்பேறி இடுக்கி மலையின் ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களின் தொழில் அறிவும் சொற்களும் பெரும்பாலும் அச்சேறாதவை. அச்சேறாதது மேற்கோளாகாது, மேற்கோளில்லாதது நீக்கப்படும். இவ்விதியைத் தளர்த்தினால் வதந்தி நுழையும் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே இத்தடையை நீக்கும் பொறுப்பு விக்கிப்பீடியர்களைவிட, அச்சொற்களைக் களத்தில் திரட்டி ஆய்விதழ்களில் வெளியிடத்தக்க தமிழ்த்துறைகளையே மிகுதியும் சாரும்.