'இட்' (1927): வரையறையும் நடிப்பும்

பேசாப்படக் காலத்துக் காதல் நகைச்சுவைப் படங்களுள், பாரமவுண்ட் நிறுவனம் 1927ஆம் ஆண்டு வெளியிட்ட 'இட்' குறிப்பிடத்தக்கது. கிளாரன்ஸ் பேட்ஜர் இயக்கிய இப்படத்தால் கிளாரா போவுக்கு 'இட் கேர்ள்' என்னும் சிறப்புப் பெயர் நிலைத்தது. ஆயினும் அச்சிறப்புப் பெயரே அவரது நடிப்பைச் சரியாகக் காணவிடாமல் தடுத்துவருகிறது.

ஆங்கிலத்தில் 'அது' எனப் பொருள்படும் இச்சொல்லுக்குத் தனிப்பொருள் வழங்கியவர் எழுத்தாளர் எலினார் கிளின். பிறரைக் காந்தம்போல் இழுக்கும் இயல்பே 'இட்'; அதனை உடையவர் தம்மைப் பிறர் விரும்புகின்றனரா என்ற அக்கறையே இல்லாதவர் என்பது அவர் கருத்து. படத்தின் எழுத்து அட்டைகள் இதனை எடுத்துரைக்கின்றன. கிளினும் ஓர் உணவகக் காட்சியில் தோன்றுகிறார்.

ஆனால் கிளாரா போ ஏற்ற பெட்டி லூவிடம் அக்கறையின்மை எங்கே உள்ளது? அங்காடி விற்பனைப் பெண்ணாகிய அவள் முதலாளி சைரஸைக் கண்டதும் விரும்புகிறாள். அவன் செல்லும் விடுதிக்கே அவனுடைய நண்பன் மாண்டியின் துணையுடன் சென்று சேர்கிறாள். அதற்காக, வேலைக்கு அணிந்த உடையே கத்தரிக்கோலால் மாலை உடையாகிறது. படத்தின் உயிர்நாடி இக்காட்சியே எனலாம். கவர்ச்சி இங்குப் பிறவிக்கொடையன்று. காசில்லாத ஒருத்தியின் உழைப்பு.

மாண்டியாக வரும் வில்லியம் ஆஸ்டின், கிளினின் கதையை இதழில் படித்துவிட்டுத் தன்னிடம் 'இட்' உண்டா என்று கண்ணாடியில் தேடுகிறார். தன் கோட்பாட்டைத் தானே நையாண்டி செய்யும் துணிவு படத்துக்கு இருக்கிறது! சைரஸாக நடித்த அந்தோனியோ மொரேனோ சற்று விறைப்பாகவே தோன்றுகிறார். செய்தியாளராக வரும் கேரி கூப்பருக்காக மட்டும் இப்படத்தைத் தேடுவோர் ஏமாறுவர். அவருடைய பகுதி மிகச் சிறிது.

துணையின்றிக் குழந்தை வளர்க்கும் நோயுற்ற தோழி மாலியாகப் பிரிசில்லா போனர் நடித்துள்ளார். குழந்தையைப் பறித்துச்செல்ல வந்த சமூகநலப் பெண்களிடம் பெட்டி லூ அது தன் குழந்தை என்கிறாள். அதனை நம்பிய சைரஸ், நகைகளும் வசதிகளும் தர முன்வருகிறான். மணம் மட்டும் இல்லை. கிளாரா போவின் முகத்தில் சிரிப்பு வடிந்து சினம் ஏறும் அவ்விடத்தில் நகைச்சுவை நின்றுவிடுகிறது.

பின்னர் உல்லாசப் படகில், குழந்தை அவளுடையது என்று நம்பியவாறே அவன் மணம் பேசுகிறான்; அவள் மறுத்துவிடுகிறாள். படத்தின் மிகத் துணிவான கட்டம் இதுவே. எனினும் உண்மை அவனுக்குத் தெரிந்த பின்னரே இருவரும் இணைகின்றனர். இவ்வரிசைமுறை முன்னைய துணிவைப் பெரிதும் நீர்க்கச் செய்கிறது. குழந்தை மெய்யாகவே அவளுடையதாயின் அவர்கள் இணைந்திருப்பார்களா என்று படம் கேட்பதில்லை.

இறுதிக் காட்சியில் இருவரும் நங்கூரத்தைப் பற்றி முத்தமிடுகின்றனர். அவர்களிடையே 'இட்டோலா' என்னும் படகுப்பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. மாலியும் குழந்தையும் அதற்கு வெகுமுன்பே மறக்கப்பட்டுவிட்டனர்.