அரை இன்ச் எங்கே போச்சு?

நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் துணி எத்தனை அளவைகளைத் தாண்டி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 30-ஆம் நம்பர் நூல் என்றால், 840 கெஜம் கொண்ட சிட்டம் 30 சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. நிட்டிங் மெஷினின் டயா இன்ச்சில். 24 கேஜ் என்றால் இன்ச்சுக்கு 24 ஊசி. மெஷினை விட்டு இறங்கியதும் அதே துணிக்குக் கிலோவும் ஜிஎஸ்எம்மும், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு. ஐரோப்பிய பையர் அனுப்பும் அளவுப் பட்டியல் சென்டிமீட்டரில். கட்டிங் மாஸ்டர் சொல்வதோ, "அரை இன்ச் விடு."

1956-லேயே மெட்ரிக் சட்டம் வந்தாச்சே, இன்னும் என்ன இன்ச்சுன்னு திட்டுவது சுலபம். நானும் திட்டியவன்தான். இப்போது அப்படி நினைக்கவில்லை. 30 இன்ச் டயாவை 24 கேஜால் பெருக்கி, 3.14 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 2,260 ஊசி. மெஷினுக்குள்ளேயே கணக்கு முடிந்துவிடுகிறது. அங்கே சென்டிமீட்டரைத் திணித்து என்ன லாபம்?

தவறு நடப்பது, ஓர் அளவை இன்னொன்றுக்குக் கைமாறும் இடத்தில். நான் எழுதிய துணிக் கணக்கு மென்பொருளில், தையலுக்கு விடும் கட்டத்தில் 'அளவு' என்று மட்டும் போட்டிருந்தேன். 0.5 என்று அடித்தார்கள். நிரல் அதைச் சென்டிமீட்டராக எடுத்துக்கொண்டது, வேண்டியது 1.27. 52 செ.மீ. மார்பகலத்தில் இரு பக்கமும் சேர்த்து 1.54 செ.மீ. குறைவு. ஆயிரம் கிலோ வேண்டிய இடத்தில், இந்த அகலத்தால் மட்டுமே 28 கிலோ பற்றாக்குறை. 50 என்று விழுந்திருந்தால் யாராவது சிரித்தாவது பிடித்திருப்பார்கள். 0.5 பார்க்கச் சரியாகத்தானே இருக்கிறது!

இரண்டு அளவையும் இருந்துவிட்டுப் போகட்டும். அலகு இல்லாத எண் மட்டும் வேண்டாம். இப்போது அந்தக் கட்டத்தில் இன்ச்சா, செ.மீ.யா என்று சொல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது.