வெள்ளிக்குப் பல்பொடி

ஆடிப்பூரம் நெருங்கினால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வீடுகளில் பூஜை அறை வெள்ளிச் சாமான்களைத் துலக்க எடுப்பார்கள். அதற்குப் புளியைவிட வெள்ளைப் பல்பொடிதான் மேல் என்பது என் கட்சி. புளியின் அமிலம் பித்தளைக் களிம்பைக் கரைக்கும். வெள்ளியின் கறுப்போ, காற்றிலுள்ள கந்தகம் சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்ஃபைடு. புளிக்கு மசியாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். வெள்ளைப் பல்பொடியில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 3, வெள்ளிக்கு 2.5 முதல் 3. கறுப்பை எடுக்க அது போதும்; ஆழமாகக் கீறாது. பேஸ்ட்டை நான் சொல்லமாட்டேன். பலவற்றில் இருக்கும் சிலிக்கா வெள்ளியைவிடக் கடினம், பளபளப்பில் கோடு விழும்.

தேய்த்தால் வெள்ளி தேயுமே என்பார்கள். நியாயமான கவலைதான். கறுப்பிலேயே கொஞ்சம் வெள்ளி இருக்கிறது, அது துணியோடு போய்விடும். கனமான குத்துவிளக்கை வருஷத்துக்கு இரண்டு முறை துலக்கினால் அந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. முலாம் பூசியதற்கு மட்டும் பல்பொடி கூடவே கூடாது. அதை அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில், தாளைத் தொடும்படி வைத்து, ஆப்பச் சோடா கலந்த வெந்நீர் ஊற்றினால் சல்ஃபைடு மறுபடி வெள்ளியாகவே மாறும். துடைக்க, ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி போல மெல்லிய பருத்தி நல்லது. கொலுசுக் கண்ணிகளில் அப்பிய வெண்பொடியை, ஈரம் காயுமுன் மென்மையான பிரஷ்ஷால் தட்டிக் கழுவிவிட வேண்டும்.